அதேதான்

உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்த பெஞ்சுல உட்காருங்க. மழைக்கோட்டைக் கழட்டாட்டிப் பரவாயில்லை, சிமெண்டுத் தரைதானே, சொட்டினா சொட்டட்டும். நீங்கதான் புதுசா வந்திருக்கிற வி.ஏ.ஓ.வா? யாரோ வயசானவங்கன்னு நினைச்சேன். சின்னப் பொண்ணா இருக்கீங்க.

தெருவுல எல்லாரும் போயிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்க, பாயும் தலகாணியும் கோழிக்கூடையுமா. நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஒருத்தராவது நின்னு, நீங்க வரலையான்னு கேட்டிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா? கேட்கலை. குனிஞ்ச தலை நிமிராம போறாங்க, ஏதோ என் வாசல்ல பள்ளம் தோண்டி வெச்சிருக்கிற மாதிரி.

வரேம்மா. வரமாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. ஆனா நான் ஏன் இங்கே தனியா உட்கார்ந்திருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கூப்பிடுங்க. இல்லாட்டி, ஒரு கிழவி பிடிவாதம் பிடிச்சான்னு ஊரு சொல்லும், நீங்களும் நம்பிடுவீங்க. டிரைவர் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். நேரம் இருக்கு. காத்து இன்னும் வடக்கே இருந்துதான் அடிக்குது.

எனக்கு இதெல்லாம் தெரியும். என் மருமக சென்னையில வானிலை ஆபீசுல இருக்கா. மீனலோசனின்னு பேரு. டிவியில வந்து கையை ஆட்டிப் பேசுறவங்க இல்லை. அவங்க பேசுறதுக்கு முன்னாடி உள்ளே உட்கார்ந்து பார்த்துச் சொல்றவங்க இருக்காங்கல்ல, அதுல ஒருத்தி. மதுரைப் பொண்ணு. காலேஜுக்குப் போற வரைக்கும் கடலையே பார்த்ததில்லையாம். கல்யாணம் பேசுறப்ப நான் சிரிச்சேன், கடலைப் பார்க்காதவ கடலைப் பத்திச் சொல்றதுக்கு சர்க்கார் சம்பளமான்னு. என் மகன் இளம்பரிதிக்குக் கோபம் வந்துடுச்சு.

ஆனா அவ கெட்டிக்காரி. அதை நான் எங்கேயும் சொல்லுவேன். கண் ஆபரேஷனுக்காக சென்னைக்குப் போயிருந்தப்ப ஒரு நாள் அவளுக்குச் சாப்பாடு கொடுக்க மகனோட நானும் அந்த ஆபீசுக்குப் போனேன். ஒரு பெரிய ரூம்பு. வங்காள விரிகுடாவைப் பிடிச்சு சுவத்துல மாட்டி வெச்ச மாதிரி இருந்தது. மேலே சுத்துற செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு படம் அனுப்புது. எங்கே மேகம் கூட்டமா நிக்குது, நிக்குற மேகம் தன்னைத்தானே சுத்துதான்னு இவ பார்த்துக்கிட்டே இருக்கணும். கடலுக்குள்ள மிதவை போட்டு வெச்சிருக்காங்களாம், அது காத்தையும் அழுத்தத்தையும் அளந்து அனுப்பும். காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு பலூன் விடுறாங்க, அதுக்கு அடியில ஒரு டப்பா, அது மேலே போகப் போக அங்கே என்ன காத்து, எவ்வளவு ஈரம்னு சொல்லிக்கிட்டே போகுது. கரைக்குப் பக்கத்துல வந்துட்டா ரேடார் பார்த்துக்குமாம்.

அன்னிக்கு அந்தமான் பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது, பிசைஞ்ச மாவுல விரல் வெச்ச மாதிரி. இது புயலாகுமான்னு கேட்டேன். அவ கண்ணை எடுக்காமலே சொன்னா, கடல் நல்ல சூடாதான் இருக்கு அத்தை, ஆனா மேல் காத்து ஒரு பக்கம், கீழ் காத்து ஒரு பக்கம் இழுக்குது, தலை தனியா உடம்பு தனியா ஆயிடும், வளராதுன்னு. ரெண்டு நாள்ல அது அப்படியே கலைஞ்சு போச்சு. கொண்டு போன சாப்பாட்டை மட்டும் அவ தொடவே இல்லை.

ஊருக்கு வந்து இதை நான் சொன்னேன். சொல்லாம இருப்பாங்களா? அதுக்கப்புறம் என் வாசல்ல எப்பவும் ரெண்டு பேர் நிப்பாங்க. போட்டைக் கடல்ல இறக்கலாமா, நெல்லு அறுக்கலாமா, மண்டபத்துக்கு வெளியில பந்தல் போடலாமா. எல்லாத்துக்கும் என்னைத்தான் கேட்பாங்க. நான் அவளுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லுவேன். இந்த உப்பாத்துத் தெருவுல தளம் போட்ட வீடு இது ஒண்ணுதான், அதனால முன்னாடியே எனக்கு ஒரு மரியாதை உண்டு. இதுல அது இன்னும் கூடிப் போச்சு. அந்த மரியாதையை எல்லாம் என்ன பண்ணினாங்கன்னுதான் நான் உங்ககிட்ட சொல்ல வரேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி கடைசி. கடல்ல ஒண்ணு உருவாகியிருக்குன்னு ரேடியோவுல சொன்னாங்க. முதல்ல தாழ்வுப் பகுதி, மறுநாள் தாழ்வு மண்டலம்னாங்க. நாகப்பட்டினத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு பஸ்ல வந்தவங்க சொன்னாங்க. தெருவே என் வாசல்ல. நான் போன் போட்டேன். லோசனி எடுத்தா. நிறைய நாட்டுல நிறைய கம்ப்யூட்டர் இருக்காம். ஒவ்வொண்ணும் இந்தப் புயல் இப்படித்தான் போகும்னு ஒரு கோடு போடுமாம். எல்லாக் கோட்டையும் சேர்த்துப் பார்த்தா பிரிஞ்சு போன விளக்குமாறு மாதிரி இருக்கும்னு நான் அந்த ஆபீசுலேயே பார்த்திருக்கேன். அவ சொன்னா, "அத்தை, இப்போதைக்குப் பாதிக்கு மேல கோடு ஆந்திரா பக்கம்தான் வளையுது. ஆனா..."

ஆனான்னு என்னமோ சொன்னா. அது இன்னும் நடுக்கடல்ல இருக்கு, கோடெல்லாம் ஒண்ணு சேரலை, நாளைக்கே மாறலாம், இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அறிக்கை வரட்டும்னு, அந்த மாதிரி ஏதோ. ஆபீசுல வேலை பார்க்கிறவங்க பேச்சுல ஆனா இல்லாம இருக்குமா? நான் போனை வெச்சுட்டு வாசலுக்கு வந்தேன். ஆந்திராவுக்குப் போகுது, அவங்கவங்க வேலையைப் பாருங்கன்னு சொன்னேன். எவ்வளவு சந்தோஷமாப் போனாங்க தெரியுமா? என் வாயால நல்ல சேதி கேட்டுட்டுப் போனவங்கதான் இவங்க எல்லாம்.

அதுல தையல்நாயகியும் ஒருத்தி. அதோ, அந்த முள்ளுவேலிக்கு அந்தப் பக்கம் மேடா மண்ணு கிடக்குல்ல, அதுதான் அவ வீடு இருந்த இடம். கூரை வீடு. அவளும் புருஷன் வேம்பையனும். பிள்ளை கிடையாது, ஆடுதான் பிள்ளை. அதுக்கு முந்தின வருஷம் ஒரு புயல்னு மைக்குல சொல்லி எல்லாரையும் பள்ளிக்கூடத்துல கொண்டு போய் அடைச்சாங்க. புயல் வரலை. கட்டிப் போட்டுட்டுப் போன குட்டிங்க ரெண்டு மழையில விறைச்சு செத்துக் கிடந்தது. அதுல இருந்து மைக்குச் சத்தம் கேட்டாலே அவளுக்கு ஆகாது. யாரு என்ன சொன்னாலும், செண்பகம் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னுதான் சொல்லுவா. அப்படி ஒரு நம்பிக்கை என் மேல.

சத்தம் கேட்குதா? அது ஒண்ணுமில்லை, பின்கட்டுத் தகரம். ஆணி பிடுங்கிக்கிச்சு. நீங்க உட்காருங்க.

மறுநாள் மத்தியானம் லோசனியே கூப்பிட்டா. அவளா கூப்பிடறது ரொம்ப அபூர்வம். குரல் ஒரு மாதிரி இருந்தது, தூங்காதவ குரல். "நின்னுடுச்சு அத்தை"ன்னா. எனக்கு முதல்ல புரியலை, நின்னா நல்லதுதானேன்னேன். இல்லையாம். ஓடிக்கிட்டே இருக்கிற புயலை விட நிக்கிற புயல்தான் மோசமாம். சூடான தண்ணி மேல ஒரே இடத்துல நின்னு, குடிச்சுக்கிட்டே இருக்குமாம். அதைத் தள்ளிக்கிட்டுப் போன மேல் காத்து விட்டுடுச்சு, இப்ப வேற காத்து பிடிச்சு மேற்கே திருப்புது, ராத்திரி போட்ட கோடும் காலையில போட்ட கோடும் வேற வேற, இப்ப எல்லாக் கோடும் நம்ம ஊர் மேலதான் வந்து விழுதுன்னா. நாளைக்கு முற்பகல் கரையைக் கடக்குமாம். "தெருவுல ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லுங்க அத்தை. கூரை வீடு, ஓட்டு வீட்டுல ஒருத்தர் கூட இருக்கக் கூடாது. நீங்க சொன்னாதான் கேட்பாங்க"ன்னா.

அப்புறம் எனக்கும் சொன்னா. வீட்டை விட்டு வெளியே வராதீங்க, நடுவுல திடீர்னு காத்து நின்னு வெயில் கூட அடிக்கும், அது புயலோட கண்ணு, முடிஞ்சு போச்சுன்னு கதவைத் திறந்துடாதீங்க, அடுத்தது தெற்கே இருந்து வரும், அதுதான் ஆளைத் தூக்கும்னு.

எனக்கு என்ன தோணிச்சுன்னா, நேத்து ஆந்திரான்னா, இன்னைக்கு இங்கேங்கறா. காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு பேசுற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லை. நான் ஒரு தடவை சொன்னது சொன்னதுதான். அதுவும் போக அப்பவே மைக்கு கட்டின ஜீப்பு வந்துடுச்சு. இங்கேயும் அங்கேயும் போய்க் கத்திக்கிட்டே இருக்கு. அது இருக்கிறப்ப நான் வேற வீடு வீடாப் போகணுமா? தலைக்கு எண்ணெய் வேற தேய்ச்சு வெச்சிருந்தேன்.

ஜீப்பைக் கேட்டுப் பாதிப் பேர் போயிட்டாங்க. மீதிப் பேர் என் வாசலைப் பார்த்தாங்க. நான் சாயங்காலம் வழக்கம்போல வாசல் தெளிச்சேன். அதைப் பார்த்துட்டுச் சில பேர் போகலையாம். இப்படியும் என் மேல ஒரு குத்தம் சொல்லித் திரியறாங்க. வாசல் தெளிக்கிறது ஒரு குத்தமாம்மா?

வேம்பையன் பாயைச் சுருட்டிக்கிட்டு முன்னாடியே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டார். பொண்டாட்டியை வரச் சொல்லியிருக்கார். ஆட்டை அவிழ்த்துக்கிட்டு, அக்காவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்னு சொல்லி அனுப்பியிருக்கா. சொன்ன மாதிரியே வந்தா. வெளிச்சம் இருந்தது, ஆனா மஞ்சளா, ஒரு மாதிரி வெளிச்சம். கையில ஆட்டுக் கயிறு. இந்தப் படியில நின்னா. நான் அடுப்புல பால் வெச்சிருந்தேன், பாதிக் காதுதான் அவ மேல.

"அக்கா, மைக்குல போகச் சொல்றாங்க. உங்க மருமக என்ன சொல்லுது?"ன்னு கேட்டா.

"அதேதான்"னேன்.

அவ்வளவுதான்மா. அந்த ஒரு வார்த்தைதான். மைக்குல சொல்றதையேதான் என் மருமகளும் சொல்றான்னு அர்த்தம். வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்? அவ மைக்கைப் பத்திக் கேட்டா, நான் அதேதான்னேன். முந்தின நாள் சொன்னதைச் சொல்றேன்னு அவளா நினைச்சுக்கிட்டா அதுக்கு நான் பொறுப்பா? "சரிக்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே போனா. சிரிச்சதைப் பார்த்தேன். ஆட்டை இழுத்துக்கிட்டு வடக்கே பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பாம அவ வீட்டுப் பக்கம் போனதையும் பார்த்தேன். ஏதோ எடுக்கப் போறான்னு நினைச்சேன். பால் பொங்கிடுச்சு.

விடிஞ்சதுல இருந்து அடிக்க ஆரம்பிச்சது. அதை நான் என்னன்னு சொல்ல. நீங்க எந்த ஊரு? திருச்சியா? அப்ப உங்களுக்குத் தெரியாது. அது காத்து மாதிரியே இல்லை. ஏதோ ஒண்ணு வீட்டைச் சுத்திச் சுத்தி வந்து கதவு எங்கே இருக்குன்னு தேடுற மாதிரி. மாடியில இருந்த தண்ணித் தொட்டி போச்சு. தென்னை முறியற சத்தம் ஒண்ணு மேல ஒண்ணா கேட்டுக்கிட்டே இருந்தது. நான் சாமி அலமாரிக்குக் கீழே சுருண்டு உட்கார்ந்துட்டேன்.

முற்பகல்ல திடீர்னு நின்னுடுச்சு. லோசனி சொன்னது அப்படியே. ஒரு இலை ஆடலை. ஜன்னல் இடுக்குல வெயில் வந்து தரையில விழுந்தது. அவ சொன்னதை நான் மறக்கலை. கதவைத் திறக்கலை. தாழ்ப்பாள் போதாதுன்னு துணி அலமாரியையும் கதவுல நகர்த்தி வெச்சேன். மருமக பேச்சைக் கேட்காத மாமியார்னு என்னைச் சொல்றாங்களே, அன்னிக்கு அவ சொன்னதை எழுத்துப் பிசகாம செஞ்சவ நான்.

அக்கான்னு கூப்பிட்ட மாதிரி இருந்தது. ரெண்டு மூணு தடவை. கதவைத் தட்டின மாதிரியும் இருந்தது. காத்து போடுற சத்தம் அப்படித்தான் இருக்கும். ஆள் மாதிரியே கூப்பிடும்.

அப்புறம் தெற்கே இருந்து வந்தது.

எல்லாம் அடங்கி நான் கதவைத் திறந்தப்ப தெருவே இல்லை. இங்கேயிருந்து பார்த்தா கடல் தெரிஞ்சது, அதுக்கு முன்னாடி ஒரு நாளும் தெரிஞ்சதில்லை. பள்ளிக்கூடத்துல இருந்து வேம்பையன்தான் முதல்ல ஓடி வந்தார். அவர் வீடு மண்ணோட கிடந்தது. அங்கே தேடினாங்க, இல்லை. ஆடு ரெண்டு மட்டும் இடிஞ்ச சுவத்து மேல நின்னுக்கிட்டு இருந்தது. அவ கிடைச்சது என் வீட்டுக் கிணத்தடியில. தென்னை அவ மேல விழுந்திருந்தது. முதல் காத்துல வீடு விழுந்திருக்கு, உசிரோட வெளியே வந்திருக்கா, வந்தவ இந்தப் பக்கமா வந்திருக்கா. ஏன் இந்தப் பக்கம் வந்தாளோ. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடியிருக்கலாம்.

நான் அழுதேன்மா. அழாம இருப்பேனா. ஆனா நான் அழுததும் அங்கே நின்னவங்க எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தாங்க. வேம்பையன் மட்டும் பார்க்கலை. இன்னைக்கு வரைக்கும் பார்க்கலை. ஒரு வார்த்தை திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசி, அதேதான்னா என்ன அர்த்தம்னு விளக்கிச் சொல்லியிருப்பேன். அந்த மனுஷன் அதுக்கு இடமே கொடுக்கலை.

மரமெல்லாம் விழுந்து ரோடு இல்லை. லோசனியும் என் மகனும் கடைசி ரெண்டு ஊரை நடந்தே வந்தாங்க. அவ கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்தது, எத்தனை நாள் தூங்கலையோ. நேரா வீட்டுக்கு வருவான்னு பார்த்தா, அவ தையல் வீட்டு மேட்டுல போய் நின்னா. வேம்பையன் பக்கத்துல தரையில உட்கார்ந்து ரொம்ப நேரம் என்னமோ கேட்டுக்கிட்டு இருந்தா. மாமியார் உசிரோட இருக்காளான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி. அப்புறம்தான் உள்ளே வந்தா.

"அவங்க வந்து கேட்டப்ப என்ன சொன்னீங்க அத்தை?"ன்னா.

அதேதான்னு சொன்னேன்னேன்.

எதைன்னு அவ கேட்கலை. என் மகன் ஏதோ பேச வாயைத் திறந்தான், அவ கையை நீட்டி நிறுத்திட்டா. குடத்துல தண்ணி மொண்டு முகத்தைக் கழுவினா. கழுவிக்கிட்டே இருந்தா. அந்தக் குடத்துத் தண்ணி எனக்கு ரெண்டு நாளைக்கு வரணும், அதைக் கூட நான் சொல்லலை.

அதுல இருந்து வானிலையைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டா. போன்ல சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்பா. மழை வருமான்னு நான் கேட்டா, அறிக்கை வந்திருக்கு அத்தை, ரேடியோவுல கேளுங்கன்னுடுவா. ரேடியோவுல கேட்கிறதுக்கு வீட்டுல ஒரு மருமக எதுக்கு? இந்தத் தடவையும் பாருங்க, நேத்தே மகன்தான் கூப்பிட்டான், பள்ளிக்கூடத்துக்குப் போயிடும்மான்னு. அவ ஒரு வார்த்தை சொல்லலை. பக்கத்துல இருந்திருப்பா. டியூட்டியில இருந்தாளோ என்னமோ. அவ வாயால சொன்னா நான் முதல் ஆளா கிளம்பியிருப்பேன். யாரும் சொல்லாம, யாரும் கூப்பிடாம, நானாப் போய் அங்கே எந்த மூஞ்சியோட உட்காருவேன்?

என்னது?

உங்களுக்கா? உங்களுக்கா போன் பண்ணினா? லோசனியா?

எப்ப பண்ணினா? சரி, நீங்க சொல்லுங்க. என்ன சொன்னா, அப்படியே சொல்லுங்க. உப்பாத்துத் தெருக் கடைசியில தளம் போட்ட வீடு, உள்ளே ஒருத்தங்க தனியா இருப்பாங்க... ம். ஒருத்தங்கன்னுதான் சொன்னாளா, அத்தைன்னு சொன்னாளா? அத்தைன்னு சொன்னா. சரி. அப்புறம்?

அவங்க உங்களை உட்கார வெச்சுப் பேசிக்கிட்டே இருப்பாங்க, உட்காராதீங்க. அப்படியா சொன்னா?

சொல்லுவா. அவளுக்கு என்னைத் தெரியும்.

எழுந்திரிங்கம்மா. நீங்க ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கீங்க, முதல்லயே இதைச் சொல்லியிருக்கலாம்ல. காத்து பாருங்க, எப்படித் தூக்குது. இந்தப் பையைப் பிடிங்க. ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு. அடுப்பு அணைச்சாச்சு. பூட்டு எங்கே... இருக்கு, இருக்கு. டிரைவரை வண்டியைப் படிக்குப் பக்கத்துல கொண்டு வரச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது.

ஒண்ணு கேட்கிறேன். பள்ளிக்கூடத்துல எங்க தெரு ஆளுங்களுக்கு எந்த வகுப்பு கொடுத்திருக்கீங்க? எட்டாம் வகுப்பா. வேம்பையனும் அதுலதான் இருக்காரா? ஆட்டோடயா? பள்ளிக்கூடத்துக்குள்ள ஆட்டை விட்டீங்களா? நல்லது பண்ணினீங்க.

எனக்கு அந்த வகுப்பு வேண்டாம்மா. மத்த வகுப்பெல்லாம் நிறைஞ்சு போச்சா? இல்லை, சண்டை எல்லாம் ஒண்ணும் இல்லை. எனக்குக் காத்தோட்டமா இருந்தாதான் தூக்கம் வரும். நான் வராந்தாவுல ஒரு ஓரமா இருந்துக்கறேன். அவர் கதவைத் திறந்தா கண்ணுல படாத இடமாப் பார்த்துக் காட்டுங்க, போதும்.